டச் போனா, தனிப் பெட்டியா? கொல்லிமலையில் பாட்டுக் கேட்கும் வழிகள்

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் பேருந்து மலையேறத் தொடங்கினால் செம்மேட்டுக்குப் போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். முன் இருக்கைக்காரரின் டச் போனில் அடிவாரத்தில் தடையில்லாமல் ஓடிய பாட்டு, மேலே ஏற ஏற விட்டுவிட்டு வரும். பாறை மறைக்கும் வளைவில் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே பேருந்தில் பின் இருக்கையில் ஒருவர் பட்டன் போனில் போட்ட பாட்டு மட்டும் சோளக்காடு வரை நிற்காமல் போகும். அவருடைய பாட்டு மெமரி கார்டில் இருக்கிறது. முன் இருக்கைக்காரரின் பாட்டு எங்கோ ஒரு கணினியில் இருக்கிறது.

பாட்டுக் கேட்பதற்கென்று தனிக் கருவி வேண்டுமா, கையிலிருக்கும் ஸ்மார்ட்போனே போதாதா என்ற விவாதம் சில ஆண்டுகளாக உலகம் முழுக்க நடக்கிறது. பெரும்பாலும் அது ஒலியின் தரத்தைப் பற்றியதாகவே முடிந்துவிடுகிறது. கொல்லிமலையை வைத்துப் பார்த்தால் ஒலித்தரம் கடைசியில் வரவேண்டிய சங்கதி என்று எனக்குப் படுகிறது. பாட்டு எங்கே தங்குகிறது, யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எப்போது காணாமல் போகும் என்பவைதான் இங்கே முன்னால் நிற்கும் கேள்விகள்.

சுமந்து செல்லும் இசைக்கும் இந்த மலைக்கும் உறவு பழையது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் புலவர் வன்பரணர் தம் கூட்டத்தோடு காட்டு வழியில் போகிறார். ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைக் காண்கிறார். கொல்லிமலைத் தலைவன் ஓரியாக இருக்குமோ என்று ஐயம். உடனே தாம் ஒரு வண்ணம் பாடப்போவதாக விறலியிடம் சொல்லி, முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று கூட்டத்தார் தூக்கிவந்த கருவிகளையெல்லாம் இயக்கச் சொல்கிறார். காடு மேடெல்லாம் தூக்கிச் சுமந்த இசைக்குழு அது. அடுத்த பாட்டான 153 இன்னும் சுவையானது. ஓரி வாரி வழங்கியதில் வயிறு நிறைந்த கூட்டம் ஆடவும் மாட்டாமல் பாடவும் மறந்துபோனதாம். கொடையைப் புகழத்தான் புலவர் இப்படிச் சொன்னார். ஆனாலும் கோடிக்கணக்கான பாட்டுகள் விரல்நுனியில் கிடந்தும் எதைக் கேட்பதென்று தெரியாமல் அரை மணி நேரம் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது அந்தப் பாட்டு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தனிக் கருவியின் நவீன வரலாறு 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனி வெளியிட்ட வாக்மேனிலிருந்து தொடங்குகிறது. அந்த முதல் மாடலில் இரண்டு பேர் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகளும், பாட்டின் சத்தத்தைத் தணித்துப் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தானும் இருந்தன. தனியாக ஒருவர் காதை அடைத்துக்கொண்டு உட்காருவது மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்று நிறுவனத் தலைவர்களில் ஒருவரான அக்கியோ மொரிட்டா கவலைப்பட்டதன் விளைவு அது. அந்தக் கவலை தேவையற்றது என்று சந்தை சீக்கிரமே காட்டிவிட்டது.

தமிழ்நாட்டில் வாக்மேனை விடப் பரவலாக இருந்தது வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன். அதைவிட முக்கியமான நிறுவனம் ரெக்கார்டிங் சென்டர். தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் டிடிகே 60 அல்லது 90 கேசட்டில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம் என்றால் ஆறேழு பாட்டு. கடைசியில் மூன்று நிமிடம் மிஞ்சினால் அதற்குப் பொருத்தமான குட்டிப் பாட்டு ஒன்றைக் கடைக்காரரே தேடிப் போடுவார். பட்டியலில் இல்லாத அந்தப் பாட்டுதான் பிற்பாடு பலருக்கும் பிடித்த பாட்டாக ஆகும். இன்று செயலிகள் செய்யும் 'உங்களுக்காகப் பரிந்துரை' வேலையை அன்று ஒரு கடைக்காரர் மீந்த நாடாவின் நீளத்தை வைத்துச் செய்தார்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1998இல் எம்பி3 பாட்டுக் கருவியாகக் கொரியாவின் எம்பிமேன், அதே ஆண்டில் அமெரிக்காவின் ரியோ. ரியோவின் நினைவகம் வெறும் 32 எம்பி, ஏழெட்டுப் பாட்டுக்குத்தான் இடம். 2001 அக்டோபரில் ஆயிரம் பாட்டு கொள்ளும் ஐபாட். 2007இல் ஐபோன் வந்ததும் ஐபாடுக்கு நாள் குறித்தாகிவிட்டது, 2022 மே மாதம் கடைசி ஐபாடையும் நிறுத்துவதாக ஆப்பிள் அறிவித்தது. நம் ஊரில் ஐபாட் பெரிய அலையாக வந்ததும் இல்லை, ஆகவே போனதும் தெரியவில்லை. இங்கே பாட்டைப் பரப்பியது மெமரி கார்டு போட இடமுள்ள போன்.

கொல்லிமலைப் பக்கம் தனிக் கருவி என்றால் கண்ணில் படுவது மூன்று. முதலாவது, நோக்கியா பட்டன் போன். அதைப் போனாகப் பயன்படுத்துவதை விடப் பாட்டுப் பெட்டியாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. இரண்டாவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சீனத்து ஸ்பீக்கர் பெட்டி. மூன்றாவது, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கித் தரும் சரிகம கார்வான்.

அந்தச் சீனத்துப் பெட்டியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான் பார்த்த பெட்டிகளில் பலவற்றில் ஒரு பக்கம் டார்ச் லைட், மேலே ஏரியல், பின்னால் யுஎஸ்பியும் மெமரி கார்டும் செருக இரண்டு வாய். மூடியைக் கழற்றினால் உள்ளே நோக்கியாவின் பிஎல்-5சி அளவு பேட்டரி. பழைய போனிலிருந்து கழற்றியும் போடலாம், புதிதாகவும் எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும். திரை கிடையாது, அல்லது எண் காட்டும் சிறு கட்டம் மட்டும். அடுத்த பாட்டுக்கும் சத்தம் கூட்டவும் ஒரே பொத்தான்தான். தட்டினால் பாட்டு மாறும், அழுத்திப் பிடித்தால் சத்தம் ஏறும். மண் படிந்த கையோடு, குச்சிக்கிழங்கு பிடுங்கும்போதோ மூங்கில் ஏணியில் நின்று மிளகு பறிக்கும்போதோ, கீழே வைத்த பெட்டியைப் பார்க்காமலே காலால் தட்டிக்கூட இயக்கலாம். டச் போனின் கண்ணாடியில் ஈர விரல் படாது. மழைக்காலத்தில் அது தானாகவே பத்து வேலை செய்யத் தொடங்கிவிடும்.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. இவற்றில் பலவும் பாட்டை அகர வரிசையில் பாடுவதில்லை. கார்டில் எந்த வரிசையில் நகலெடுத்தார்களோ அதே வரிசையில் பாடும். கார்டின் கோப்பு அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போவதைத் தவிர அதற்கு வேறு தெரியாது. ஆகவே மொபைல் கடைக்காரர் முதலில் இழுத்துப் போட்ட ஃபோல்டர் எதுவோ அதுதான் காலைப் பாட்டு. "ராமராஜன் ஹிட்ஸ், மோகன் ஹிட்ஸ், அப்புறம் எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டு, இப்படியே ஏத்திக் குடுங்கண்ணா" என்று வரிசையையும் சேர்த்துச் சொல்பவர் விவரம் தெரிந்தவர். சாமி பாட்டு நடுவில் வந்து மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஐம்பது தட்டு தட்ட வேண்டும். ரெக்கார்டிங் சென்டர்காரரின் கைவண்ணம் இந்த வடிவத்தில் மிச்சமிருக்கிறது.

கார்வான் வேறு ரகம். கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா என்ற பழைய எச்எம்வி நிறுவனம் சரிகமவாகி, 2017இல் பழைய டிரான்சிஸ்டர் வடிவில் 5000 பாட்டை உள்ளேயே அடைத்து வெளியிட்ட பெட்டி. இந்திக்குப் பின் தமிழிலும் வந்தது. குமிழைத் திருகினால் பாடகர், இசையமைப்பாளர் வாரியாகப் பாட்டு வரும். இணையம் வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம், ஓடிபி வேண்டாம். எழுபது வயதுக்காரர் ஒருவர் பிறர் உதவியின்றித் தானே இயக்கக்கூடிய கருவியாக அது அமைந்ததுதான் அதன் வெற்றிக்குக் காரணம். இசைத் தொழில் முழுவதும் பெட்டியை விட்டுவிட்டு இணையத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பெட்டி விற்றுக் காசு பார்த்தது அந்த நிறுவனம். குறையும் அதிலேயே இருக்கிறது. சரிகமவின் கையில் உரிமை இல்லாத படங்களின் பாட்டு அதில் இராது. உள்ளே இருப்பதை நீக்கவோ மாற்றவோ முடியாது. நம் பாட்டு வேண்டுமென்றால் பென் டிரைவைத்தான் செருக வேண்டும்.

ஒலித்தரம் பற்றி இரண்டு பத்தி போதும். எம்பி3யில் 128 கிலோபிட் வேகத்தில் பதிந்த பாட்டுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி செலவாகும். 5 நிமிடப் பாட்டு 5 எம்பி, 32 ஜிபி கார்டில் ஆறாயிரம் பாட்டுக்கு மேல் கொள்ளும். 320 கிலோபிட்டில் அதுவே 12 எம்பி. சிடியின் தரம் நொடிக்கு 1411 கிலோபிட். அதை எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவம் ஏறக்குறைய பாதி இடத்தில் அடக்கிவிடும். இந்தக் கடைசி வகைக் கோப்புகளை நல்ல மின்சுற்று வழியாக, நல்ல இயர்போனில் கேட்கத்தான் ஆஸ்டெல் அண்டு கெர்ன், ஃபியோ, சோனி போன்றவர்கள் தனிக் கருவி செய்கிறார்கள். சோனியின் இசட்எக்ஸ்707 வாக்மேன் இந்தியாவில் வெளியானபோது விலை சுமார் 70 ஆயிரம் ரூபாய்.

வித்தியாசம் உண்மையிலேயே கேட்குமா என்றால், கேட்கலாம்: அமைதியான அறை, கம்பி வைத்த நல்ல இயர்போன், கவனமான பதிவு மூன்றும் அமைந்தால். புளூடூத்தில் கேட்பவருக்கு அந்த விலையில் பெரும்பகுதி வீண். அப்போது டிஜிட்டலை ஒலியாக மாற்றும் வேலையைக் காதில் மாட்டிய கருவிதான் செய்கிறது, கையிலிருக்கும் பெட்டியின் உயர்ந்த சுற்று சும்மா கிடக்கிறது. எழுபதுகளின் தமிழ்ப் படப் பாட்டுகளில் பலவும் இன்று கிடைப்பது தேய்ந்த இசைத்தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ எடுத்த 128 கிலோபிட் கோப்பாகத்தான். அதை 70 ஆயிரம் ரூபாய்க் கருவியில் போட்டால் தேய்மானம் இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

கவனச் சிதறல் என்ற வாதம் இதைவிட வலுவானது. பாட்டுக் கேட்கப் போனை எடுத்தவர் வாட்ஸ்அப்பில் போய் நிற்பது எல்லோரும் கண்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டும் சகாக்களும் ஏறத்தாழ 800 பேரை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, போன் அணைத்து வைத்திருந்தாலும் பக்கத்தில் இருப்பதே சிந்திக்கும் திறனைக் குறைக்கிறது என்றது. அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. எனவே அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால் மேலே சொன்ன விலையுயர்ந்த வாக்மேன் ஓடுவதும் ஆண்ட்ராய்டில்தான். வைஃபை உண்டு, பிளே ஸ்டோர் உண்டு, யூடியூபும் ஓடும். சிம் இல்லாத போனைத்தான் அந்த விலைக்கு வாங்குகிறோம். கவனம் சிதறாத கருவி வேண்டுமென்றால் அந்தச் சில நூறு ரூபாய்ப் பெட்டிதான் உத்தமம். அதற்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது.

மலைக் குடும்பங்களில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. பல வீடுகளில் டச் போன் ஒன்றுதான். பணம் அனுப்பவும், பிள்ளைகளின் பாடத்துக்கும், வெளியூரிலிருந்து வரும் அழைப்புக்கும் அதுவே. கொரோனா காலத்தில் கொல்லிமலை இருக்கும் இதே நாமக்கல் மாவட்டத்தின் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் மாணவர்கள் ஆன்லைன் வகுப்புக்காகச் சிக்னல் தேடி ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்த படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. செல்பேசி அலைகளுக்கு மலைமுகடு சுவர். கோபுரம் நேராகத் தெரியாத பள்ளத்தில் இருக்கும் வீட்டில் போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜைக் கரைக்கும். காற்று மழையில் மின்சாரமும் போய்விட்டால், பாட்டுக் கேட்டுச் சார்ஜைத் தீர்ப்பதா, அவசரத்துக்கு வைத்திருப்பதா என்பது கொல்லிமலையில் உண்மையான கேள்வி. பாட்டுக்குத் தனிப் பெட்டி இருந்தால் அந்தக் கேள்வி எழாது. நகரத்தில் தனிக் கருவி ஆடம்பரமாகத் தெரிவதும் இங்கே சிக்கனமாகத் தெரிவதும் இதனால்தான்.

இனி உரிமைக்கு வருவோம். என் பார்வையில் விவாதத்தின் மையம் இதுதான், நகரத்து விவாதங்களில் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்தது, பாட்டைச் சேமிக்க வேண்டிய அவசியம் போய்விட்டதாகத் தோன்றியது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. இரண்டே மாதத்தில் சரிகம டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, அந்த நிறுவனத்தின் பாட்டுகளை ஸ்பாட்டிஃபை எடுத்துவிட்டது. உடன்பாடு ஆனது 2020இல். இடைப்பட்ட ஓராண்டில், பழைய தமிழ்ப் பாட்டுகளில் சரிகம வசமிருந்த பெரும் பகுதி அங்கே கிடையாது. கேட்பவர் ஒரு பிழையும் செய்யவில்லை, அவருடைய பட்டியலில் மட்டும் ஓட்டை விழுந்தது. 2022இல் கானா என்ற பாட்டுச் செயலி இலவசச் சேவையை நிறுத்தியது. 2024 தொடக்கத்தில் ரெஸ்ஸோ இந்தியாவில் மூடப்பட்டது, அதே ஆண்டு விங்க் மியூசிக்கையும் ஏர்டெல் மூடியது. அவற்றில் வருடக்கணக்கில் சேர்த்த பட்டியல்கள் என்ன ஆயின என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. செயலியில் 'பதிவிறக்கம்' செய்து வைத்ததும் பூட்டிய கோப்புதான். சந்தா தீர்ந்தாலும் செயலி மூடினாலும் திறக்காது.

சரி, சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்றால், விற்கும் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் 'ஃபிளைட்' என்ற எம்பி3 கடையைத் திறந்தது. தமிழ்ப் பாட்டும் சில ரூபாய்க்கு விற்றது. 2013 ஜூனில் மூடிவிட்டது. கூகுள் பிளே மியூசிக் 2016இல் இந்தியாவில் பாட்டு விற்கத் தொடங்கி 2020இல் கடையைக் கட்டியது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் கடன் அட்டையும் ஆங்கிலமும் கணினியும் வேண்டிய அந்தக் கடைக்கும் கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் மிளகு பறிப்பவருக்கும் என்ன சம்பந்தம்? ஒலிநாடாவும் சிடியும் போன பிறகு, புதுத் தமிழ்ப் படப் பாட்டைக் காசு கொடுத்து வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ள எளிய, நேரான வழி அநேகமாக இல்லை. கருவி இருக்கிறது, அதை நிரப்பும் சந்தை இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் மொபைல் கடை நிற்கிறது. கார்டைக் கொடுத்தால் கொஞ்சம் காசுக்கு நிறைய ஏற்றித் தருவார்கள். சட்டப்படி இது தவறு. பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு உண்டு. உரிமை வாங்காமல் காசுக்கு நகலெடுத்துத் தருவது அதை மீறுவதாகும். இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ஒரு பைசா போவதில்லை. இதை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் கடைக்காரரைப் பிடித்து உள்ளே வைத்தால் தீரும் பிரச்சினையாகவும் இது தெரியவில்லை. ஆயிரம் பாட்டு கொண்ட கார்டை நேர்மையான விலையில் செம்மேட்டுக் கடையிலேயே விற்க ஓர் ஏற்பாடு இருந்தால் வாங்க ஆள் இருப்பார்கள். கார்வான் அதைத்தான் நிரூபித்தது. மற்ற நிறுவனங்கள் ஏன் அந்த வழியில் போகவில்லை என்பதற்கு, மாதச் சந்தாவின் ருசி கண்டவர்களுக்கு ஒருமுறை விற்பனையில் நாட்டமில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

போனின் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. புதுப் படப் பாட்டு வெளியான அன்றே கேட்க வேண்டும் என்கிற இளைஞருக்குத் தனிப் பெட்டி ஒத்துவராது. மெமரி கார்டு கெட்டுப்போகும்போது சொல்லிக்கொண்டு கெடுவதில்லை, நகல் இல்லையென்றால் எல்லாம் போச்சு. மலிவுப் பெட்டியின் திரையில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத்தான் வரும். இறக்கிய இணையதளத்தின் பெயரே ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒட்டியிருப்பதால், பட்டியல் முழுக்க ஒரே பெயராகத் தெரியும். நண்பரிடமிருந்து பாட்டு வாங்குவதும் போனில்தான் எளிது. முன்பு புளூடூத், பிறகு ஷேர்இட். 2020 ஜூனில் அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் ஷேர்இட்டும் ஒன்று.

வானொலி இந்தக் கணக்கில் தனியே நிற்கிறது. பட்டன் போனிலும் சீனத்துப் பெட்டியிலும் பண்பலை உண்டு. ஸ்மார்ட்போன்களில் பலவற்றிலிருந்து அது காணாமல் போயிற்று. இயர்போன் கம்பிதான் பண்பலைக்கு ஏரியல், அதனால் இயர்போன் துளை போனதோடு வானொலியும் போனது. 2023 ஏப்ரலில் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், கைப்பேசிகளில் பண்பலை வசதியை முடக்காமல் கொடுங்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. பேரிடர் நேரத்தில் இணையம் படுத்தாலும் வானொலி பேசும் என்பது காரணம். புயல் மழையில் மரம் விழுந்து மலைப்பாதை அடைபடும் ஊருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் ஏற ஏற நேரம் வேகமாகக் குறையும். புதிய போன்கள் கணக்கு வைத்து எச்சரிக்கின்றன, மலிவான தனிக் கருவிகள் அதைச் செய்வதில்லை. இயர்போன் மாட்டி இருசக்கர வண்டியில் அந்த 70 வளைவுகளில் ஏறுபவர்களுக்கோ டெசிபல் கணக்கே தேவையில்லை. எதிரே வரும் லாரியின் ஹாரன் காதில் விழாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அந்தப் பாதையில் எந்தக் கருவியும் பைக்குள் இருப்பதே நல்லது.

ஒன்று மட்டும் இரண்டு தரப்பாரின் கணக்கிலும் வராமல் போகிறது. வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் இந்த மலையின் சொந்தப் பாட்டு ஸ்பாட்டிஃபையிலும் இல்லை, கார்வானிலும் இல்லை, மொபைல் கடைக்காரரின் கணினியிலும் இல்லை. சாமை, தினை விளைந்த நிலத்தில் குச்சிக்கிழங்கு பரவியபோது, அந்தப் பயிர்களைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்தே இங்கே வந்து வேலை செய்தது. விதைகளுக்கு அப்படி ஒரு கவனிப்பு கிடைத்தது. சாமை குத்தும்போதும் பிள்ளையைத் தூங்கவைக்கும்போதும் பாட்டிகள் பாடியவற்றைப் பேரப்பிள்ளைகள் இப்போது போனில் பதிவதுண்டு. போன் உடைந்தாலோ இடம் போதவில்லை என்று அழித்தாலோ அதோடு சரி. பதிந்ததை எம்பி3யாக்கிக் கார்டில் போட்டால், 128 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பிதான் பிடிக்கும். பத்து மணி நேரம் பதிந்தாலும் 600 எம்பியைத் தொடாது. ஆறாயிரம் சினிமாப் பாட்டு ஏறும் கார்டில் அதற்காக நூற்றிருபது பாட்டைக் குறைத்துக்கொண்டால் போதும். கோப்பின் பெயரில் பாடியவர் பெயரையும் ஊரையும் போடச் சொல்லி, முதலில் ஏற்றியதைத்தான் பெட்டி முதலில் பாடும் என்பதால் அந்த ஃபோல்டரை முதலில் ஏற்றச் சொல்ல வேண்டும்.